பாதியில் இருக்கும் புத்தகம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை நெடுநாளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒரு நாள் கூடிப் பேசுவோம். எல்லோரும் புத்தகப் பைத்தியங்கள். இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், அதுதான் ஒரே விதி. ஆரம்பத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். இப்போது என் முறை நெருங்கும்போதே கூச்சமாக இருக்கிறது. ஒருவர் இந்த வாரம் மூன்று புத்தகம் முடித்தேன் என்கிறார். இன்னொருவர் வருட இலக்கில் எத்தனை பாக்கி என்று கணக்குச் சொல்கிறார். நான் இரண்டு மாதமாக ஒரே நாவலில் இருக்கிறேன். தொள்ளாயிரம் பக்கம். கேட்டால் "இன்னும் அதேதான்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் ஒருமாதிரி இருக்கிறது. போன மாதம், சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து ஒரே மாலையில் முடித்தேன். அதில் ஒரு வரிகூட இப்போது ஞாபகம் இல்லை.

நாவலை வைத்துவிடவும் மனம் வரவில்லை. அதில் அண்ணன் தம்பி இருவர், ஒரே வீட்டில் பதினெட்டு வருடமாகப் பேச்சு இல்லாமல் வாழ்கிறார்கள். அண்ணன் சொல்வதைத் தம்பிக்கும் தம்பி சொல்வதை அண்ணனுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அம்மா. அம்மா இறந்த மறுநாள் காலையில் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் போடு என்று சொல்ல ஆளில்லை. இருவரும் காலி வாளியோடு நிற்கிறார்கள். அதற்கு மேல் நான்கு நாள் என்னால் படிக்க முடியவில்லை.

என் கேள்விகள் இவைதான். வேகமாகப் படிக்கப் பழக வேண்டுமா? முடிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசுவது சரியா? எனக்கு ஒத்துவராது என்று குழுவிலிருந்து விலகிவிடலாமா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

காலி வாளியோடு நிற்கும் அந்த இருவரைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நாவலை உடனே படிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கடிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தும் நாவலின் பெயர் கிடைக்கவில்லை. நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் குழுவிடம் இதைச் சொல்லவில்லை, இல்லையா? அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் "இன்னும் அதேதான்". எனக்கு எழுதிய அந்த நான்கைந்து வரிகளை அவர்களிடம் சொல்லியிருந்தால், மூன்று புத்தகம் முடித்தவர்கூடத் தன் கணக்கை மறந்துவிட்டு "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டிருப்பார். உங்கள் வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. படிப்பதைப் பற்றிச் சொல்வதற்குப் பதிலாக, படித்து முடித்ததைப் பற்றிச் சொல்லும் இடமாக உங்கள் கூட்டம் மெல்ல மாறிவிட்டது. நீங்களும் அந்த மாற்றத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டீர்கள்.

முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நம்மையறியாமல் தீர்ப்புச் சொல்லும் குரல் வந்துவிடும். நல்ல நாவல், நடுவில் கொஞ்சம் தொய்வு, முடிவு பிரமாதம், அவ்வளவுதான். நூறாவது பக்கத்தில் யார் மேல் கோபப்பட்டோம், எந்த இடத்தில் தூக்கி எறியலாமா என்று நினைத்தோம், என்ன நடக்கும் என்று தப்பாக ஊகித்தோம் என்பதெல்லாம் முடித்த கையோடு அழிந்துவிடுகிறது. முடிவு தெரிந்த பிறகு ஆரம்பத்தை நாம் வேறு மாதிரிதான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். நடுவில் இருப்பவருக்கு மட்டும்தான் அந்தக் குழப்பமும் ஆவலும் உயிரோடு கையில் இருக்கின்றன.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1922 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். 200 பக்கம் ஆகியிருக்கிறது, மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். முதல் சில அத்தியாயங்கள், கல்லறைக் காட்சி முடிகிறவரை, அவரைப் பிடித்து இழுத்திருக்கின்றன. அதன்பின் குழப்பம், சலிப்பு, எரிச்சல். போதாததற்கு, நண்பரான கவிஞர் டி.எஸ். எலியட் இதை டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலுக்குச் சமமாக நினைக்கிறாரே என்ற திகைப்பு வேறு. செப்டம்பரில் படித்து முடித்துவிட்டு, குறி தப்பிய படைப்பு என்று தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதக் குறிப்பு எனக்கு மிகவும் வேண்டியது. தேர்ந்த வாசகி ஒருவருக்கு அந்த நாவலில் கால் இடறிய இடம் எது என்று அது காட்டிக்கொடுக்கிறது. அந்த நாவலைக் கையில் எடுக்கும் ஒருவருக்கு, கல்லறைக் காட்சிக்குப் பிறகு தடுமாறினால் பயப்படாதே, உல்ஃபும் அங்கேதான் தடுமாறினார் என்று சொல்லலாம். செப்டம்பர் தீர்ப்பை வைத்துக்கொண்டு அவருக்கு என்ன சொல்ல முடியும்?

ஜாய்ஸ் இறந்த 1941 ஜனவரியில் உல்ஃப் இன்னொரு நிகழ்ச்சியை நினைவுகூர்கிறார். பல ஆண்டுகளுக்கு முன்பு அதே நாவலின் தட்டச்சுப் பிரதி அச்சிடுவதற்காக அவர் வீட்டுக்கு வந்திருந்தது. கேத்தரின் மேன்ஸ்ஃபீல்ட் வந்தபோது அதை வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறார். மேன்ஸ்ஃபீல்ட் கிண்டலாகத்தான் படிக்கத் தொடங்கினார். படித்துக்கொண்டே போனவர் சட்டென்று, இதில் ஏதோ இருக்கிறது என்றார். இரண்டு எழுத்தாளர்கள், நடுவில் ஒரு பிரதி, கிண்டல் மரியாதையாக மாறும் நொடி. கூடிப் படிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். தனியாக இருக்கும்போது மனம் மாறினால் அது மாறியதே நமக்குத் தெரியாமல் போகலாம். எதிரில் ஒருவர் இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்.

வேகத்துக்கு வருகிறேன். எண்ணிக்கையில் தொள்ளாயிரம் பக்க நாவலும் ஒன்று, அறுபது பக்கக் குறுநாவலும் ஒன்று. அதனால் எண்ணிக்கைதான் பெரிது என்று ஆகிவிட்ட இடத்தில் கை தானாகச் சின்னப் புத்தகத்தைத் தேடும். போன மாதம் உங்களுக்கு நடந்தது அதுதான். நல்ல சின்னப் புத்தகங்கள் எத்தனையோ உண்டு. நீங்கள் எடுத்ததும் அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். ஆனால் அதை நீங்கள் படிக்க எடுக்கவில்லை, சொல்ல எடுத்தீர்கள். ஒரு வரியும் நிற்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பட்டியல் போடுவதை நான் குறை சொல்லவில்லை. டார்வின் 1838 முதல் 1860 வரை, படிக்க வேண்டியவை, படித்தவை என்று நோட்டில் குறித்துவைத்திருந்தார். மேலோட்டமாகப் புரட்டியதை அப்படித்தான் என்றே எழுதினார். கனமான புத்தகத்தைப் பிடிக்கச் சிரமமாக இருந்தால் இரண்டாக வெட்டிவிடுவார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். (உங்கள் தொள்ளாயிரம் பக்கத்தை அப்படிச் செய்துவிடாதீர்கள்!) மக்கள்தொகை பற்றிய மால்தஸின் நூலை 1838 அக்டோபரில் பொழுதுபோக்காக எடுத்ததாக டார்வினே தன்வரலாற்றில் சொல்கிறார். இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அதைப் படித்தபோதுதான் அவருக்குப் பிடிபட்டது. எந்தப் புத்தகம் நமக்கு என்ன செய்யும் என்பதைப் பட்டியலில் இருக்கும் பெயரை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மெதுவாகப் படிப்பதற்குத் தமிழில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதையாக இருக்கும். ஆனாலும் உங்கள் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள்.

1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே. சாமிநாதையருக்கு வயது 25. அந்த ஊருக்கு முன்சீபாக (நீதிபதியாக) மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். உ.வே.சா. வரிசையாக அடுக்குகிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், பட்டியல் நீளத்துக்குக் கேட்கவா வேண்டும்! முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். கம்பராமாயணம் வரைக்கும் சொல்லிப் பார்த்தும் அவருக்குத் திருப்தி இல்லை. கடைசியில், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இல்லை. அந்தப் புத்தகங்கள் கிடைக்கவில்லை என்கிறார் உ.வே.சா.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்குகிறார்கள். பாட்டுக்குப் பாட்டு முட்டுகிறது. சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. எவ்வளவோ படித்தவருக்கு ஒரு நூலில் வழி தெரியவில்லை. சிந்தாமணியைப் பரம்பரையாக ஓதிவரும் சைனர்கள் (சமணர்கள்) அதே ஊரில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போகிறார். வீடு அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், மாதக்கணக்காகக் கேட்டுவந்த சிந்தாமணி இன்றைக்குப் பூர்த்தியாயிற்று, அதற்காகத்தான் என்கிறார்கள். 3000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட நூல் அது. உ.வே.சா.வின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887-இல். முதலியார் அந்தக் கேள்வியைக் கேட்டு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்த வீட்டுக்காரர்களிடம் போய் இந்த வருடம் எத்தனை புத்தகம் என்று கேட்டிருந்தால், ஒன்று என்று நிமிர்ந்து சொல்லியிருப்பார்கள். ஆகவே இரண்டு மாதத்துக்காக நீங்கள் கூச வேண்டாம். வேகமாகப் படிக்கவும் பழக வேண்டாம். நாளிதழையும் அலுவலகக் காகிதத்தையும் வேகமாகப் படித்தால் போதும். நான்கு நாள் நகர முடியாமல் நின்றீர்களே, அந்த நான்கு நாளும் நீங்கள் அந்த நாவலைப் படித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

முடிக்காததைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பேசலாம். ஆனால் எல்லாப் புத்தகத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில புத்தகங்கள் நம் சொந்த விஷயத்தில் கை வைத்துவிடும். அதைப் படிக்கும்போது வெளியே சொல்ல ஆரம்பித்தால், படிப்பது நின்று விளக்கம் சொல்வது தொடங்கிவிடும். கவிதைத் தொகுப்புகளில் எனக்கு அடிக்கடி இப்படி ஆவதுண்டு. அப்போது "ஒன்று படிக்கிறேன், இப்போது சொல்லத் தோன்றவில்லை" என்று சொல்லிவிடலாம். நல்ல வாசகர்கள் அதற்கு மேல் துருவமாட்டார்கள்.

கேட்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. யாராவது ஒரு பெயரைச் சொன்னதும் "இப்போதுதான் அதைப் படிக்கிறீர்களா?" என்று கேட்பவரை நான் எத்தனையோ கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். "கடைசியில் பாருங்கள், ஒரு திருப்பம் வரும்" என்பவர் அதைவிட மோசம். அவருக்கு அது அன்பு, ஆனால் கேட்டவர் இனி ஒவ்வொரு பக்கத்திலும் திருப்பத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பார். ஏற்கெனவே படித்தவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "எந்த இடத்தில் இருக்கிறீர்கள்?" பதில் வந்ததும் அந்த இடத்தைத் தாண்டாமல் பேச வேண்டும். இது கடினம். தனக்குப் பிடித்த நாவலின் இருநூறாவது பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது இருநூற்றுப் பத்தாவது பக்கத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க நிஜமாகவே பிரியம் வேண்டும்.

பாதியில் விட்ட புத்தகங்களையும் சொல்லச் சொல்லுங்கள். எத்தனையாவது பக்கத்தில் விட்டோம், ஏன் விட்டோம் என்று. "மொழிபெயர்ப்பு ஓடவில்லை", "எல்லாக் கதாபாத்திரமும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்", "எனக்கு இப்போது இதைத் தாங்கும் மனநிலை இல்லை" என்று ஆளுக்கொரு காரணம் வரும். எந்த மதிப்புரையிலும் கிடைக்காத தகவல் இது. திரும்பப் படிப்பதையும் சொல்லலாம். ஒலிப்புத்தகமாகக் கேட்பதையும் சொல்லலாம்.

குழுவிலிருந்து விலக வேண்டாம். ஒன்பது பேரும் ஒரே மணி நேரத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்பதால்தான் ஆளுக்கு ஆறேழு நிமிடமாகச் சுருங்கி, பெயரும் எண்ணிக்கையுமாக ஆகிவிடுகிறது என்று நினைக்கிறேன். வாரத்துக்கு மூன்று பேர் போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஆளுக்கு இருபது நிமிடம். அந்த வாரம் படித்ததில் தன்னை நிறுத்திய ஒரு பக்கத்தை அவர் வாய்விட்டுப் படிக்கட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். முதல் வாரம் நீங்களே முன்வாருங்கள். அம்மா இறந்த மறுநாள் காலை வரும் அந்தப் பக்கத்தை எடுத்துப் போங்கள். இலக்கு வைத்துப் படிக்கும் நண்பரை உங்களுக்கு அடுத்ததாகப் பேசச் சொல்லுங்கள். அத்தனை புத்தகம் படிப்பவரிடம் அவரை நிறுத்திய பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கும், இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அன்புடன்.