வெளியிலிருந்து வரும் ஆர்க்கிடெக்ட் தேவைதானா?

கேள்வி: என் மகள் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு. கட்டடம் வடிவமைத்துப் பழகும் டிசைன் ஸ்டுடியோ வகுப்புக்கு வாரம் இரண்டு நாள், தொழில் செய்யும் ஆர்க்கிடெக்ட் ஒருவர் வருகிறார். பாதி நாள் வருவதில்லை. முழுநேர ஆசிரியர்களே போதாதா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. சைட்டில் காங்கிரீட் போடுகிறார்கள் என்று வகுப்பை விடுகிறவர் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கவே கூடாது. ஆனால் அதற்காக அவர் மாதிரி ஆட்களே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

நானும் வாரம் இரண்டு நாள் சொல்லித்தரப் போகிறவன். போன மாதம் ஒரு பையன் வீட்டு பிளான் கொண்டுவந்தான், கோடெல்லாம் அச்சு மாதிரி, மிட் லேண்டிங்குக்கு, அதாவது படிக்கட்டு பாதியில் திரும்புகிற மேடைக்கு, அடியில் கழிவறை. ஒரு படி 150 மில்லிமீட்டர், 10 படி ஏறினால் லேண்டிங், அதாவது 1500. அதில் ஸ்லாப் 150 போனால் மிச்சம் 1350. அங்கே 2100 உயரக் கதவு! "இதுக்குள்ள எப்படிப்பா போவே?" என்று டேப்பை நீட்டிக் காட்டினேன், அப்புறம்தான், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினாற்போல் உயரங்களைக் காட்டும் செக்‌ஷன் எதற்கு வரைகிறோம் என்பதே அவனுக்குப் பிடிபட்டது. ஆசிரியர்கள் மதிப்பிடும் ஜூரி இரண்டைத் தாண்டி வந்த டிராயிங் அது.

தொழிலும் பாடமும் சேர்ந்து ஓடாது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி 1962-இல் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கி நடத்தியபோது தன் அலுவலகத்தையும் விடவில்லை. பள்ளியின் கட்டடமும் அவர் வடிவமைத்ததுதான். அதுதான் இன்றைய செப்ட் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2018-இல் அவருக்கு, கட்டடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

வரலாறு, கட்டமைப்பு போன்ற பாடங்களுக்கு, தினமும் பிள்ளைகளோடு இருக்கிற முழுநேர ஆசிரியர்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனக்கு வருத்தமெல்லாம், பல கல்லூரிகளில் இருபது வருடம் வீடு கட்டிய அனுபவத்தைவிட ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பு கூடுதல், வெளியிலிருந்து வருபவருக்கு மணிக்கணக்கில் ஏதோ கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதுதான். அப்படி இருந்தால் நல்ல ஆள் எத்தனை நாள் வருவார்?

நாலைந்து பெற்றோர் சேர்ந்து முதல்வரைப் பாருங்கள். அந்த ஆர்க்கிடெக்டை மாற்றச் சொல்லாமல், அவர் வரும் நாளை டைம்டேபிளில் உறுதியாக்கச் சொல்லுங்கள், வகுப்பு விட்டுப்போனால் வேறொரு நாள் ஈடுகட்டச் சொல்லுங்கள், மாதம் ஒரு ஸ்டுடியோவையாவது அவருடைய சைட்டிலேயே வைக்கக் கேளுங்கள். மகளும் இந்த லீவில் பக்கத்தில் எங்காவது சென்டரிங் அடிக்கிற இடத்தில், மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் நின்று பார்க்கட்டும்.