டர்போவை மாற்றும் முன் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள்

உசிலம்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது டர்போ டீசல் கார். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது பழைய இழுவை இல்லை. 'டர்போ போச்சு, மாத்திரணும்' என்கிறார் மெக்கானிக். ஓபிடி கருவி (காரின் சென்சார் எண்களை மொபைலுக்கு அனுப்புவது) வாங்கிப் பார்த்தேன். வீட்டு வாசலில் ஐடிலில் நிற்கும்போது இன்டேக் பிரஷர் 99, காற்றின் வெப்பம் 62 டிகிரி காட்டுகிறது. டர்போ மாற்றத்தான் வேண்டுமா?"

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி. இன்டேக் பிரஷர் என்பது அப்படி உள்ளே போகும் காற்றின் அழுத்தம். இந்த எண்களை வைத்து டர்போவைக் குறை சொல்லவே முடியாது. அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

99 என்பது கிலோபாஸ்கல் கணக்கு. வெளிக்காற்றின் அழுத்தமும் அதில் அடக்கம். உங்கள் ஊரில் வெளிக்காற்றே 99-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஐடிலில் டர்போ பெரிதாக அழுத்தம் கொடுக்காது, அதனால் டீசல் காரில் அந்த எண் சரிதான். பெட்ரோல் கார் என்றால் திராட்டில் (காற்று போகும் வழியில் உள்ள மூடி) மூடியிருப்பதால் 30, 40 என்று காட்டும். சென்சாரைச் சோதிக்க, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள்: 98, 99 வந்தால் நல்லது. கொடைக்கானலில் இதே சோதனைக்கு 79 பக்கம் வரும். அங்கே காற்றே அவ்வளவு மெலிசு. மலையில் கொஞ்சம் இழுவை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

62 டிகிரி? சித்திரை வெயிலில் நின்ற காரின் பானட்டுக்குள் சென்சாரே சூடேறிவிடும். வண்டி ஓடி காற்றுப் பட்டதும் இறங்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் மட்டும் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான சோதனை ஏற்றத்தில்தான். ஆண்டிபட்டி கணவாய் உங்களுக்குப் பக்கம். மூன்றாவது கியரில், 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். மொபைலைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் பார்க்கக் கூடாது. பெரும்பாலான டர்போ டீசல்களில் அழுத்தம் 200-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ ஏறும். உங்கள் மாடலுக்கு உரிய அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே வெப்பத்தையும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 40 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால், டர்போவை விட்டு வெளியே வரும்போது அது 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதை இன்டர்கூலர் (டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்றைக் குளிர்விப்பது) 60 பக்கம் இறக்க வேண்டும். 60-க்குப் பதிலாக 80-ல் நின்றால், அழுத்தம் அதே 200 காட்டினாலும் இன்ஜினுக்குள் போகும் காற்று 6 சதவீதம் குறைவு. கேஜ் நன்றாக இருக்கும், இழுவை இருக்காது.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் மொபைல் செயலி காட்டும் வெப்பம் ஏர் ஃபில்டரை ஒட்டிய சென்சாரிலிருந்து வருவது. நீண்ட ஏற்றத்தில் பூஸ்ட் (டர்போ கொடுக்கும் அழுத்தம்) ஏறியும் அந்த எண் அசையவே இல்லை என்றால், நீங்கள் பார்ப்பது டர்போவுக்கு முந்தைய காற்றை. அப்படியானால் இன்டர்கூலருக்குப் பிந்தைய குழாயில் தனி சென்சார் ஒன்று பொருத்த வேண்டும். முனை திறந்த வகையாக வாங்குங்கள். உலோக உறை மூடியது மெதுவாகத்தான் பதில் சொல்லும்.

அழுத்தம் 130, 140-லேயே நின்றால் முதலில் ஹோஸ்களைப் பாருங்கள். இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்ப் ஓரத்தில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் கோடாகப் படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஐடிலில் சோப்புத் தண்ணீர் தெளிப்பதில் பயனில்லை, உள்ளே அழுத்தமே இருக்காது. இன்ஜினை நிறுத்தி, டர்போவின் வாயை அடைத்து, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரில் 15 பிஎஸ்ஐக்குள் காற்று கொடுத்துத் தெளிக்கச் சொல்லுங்கள். அடுத்து, மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) இருக்கும் பிரஷர் சென்சாரின் துளை. இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள டீசலில் கரி அடைத்துக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் கிளீனர் ஸ்பிரே போதும், ஊசி விட்டுக் குத்தக் கூடாது.

அழுத்தம் சரியாக இருந்து வெப்பம் மட்டும் 75, 80 என்று ஏறிக்கொண்டே போனால், இன்டர்கூலர் இடுக்குகளில் புழுதியும் வைக்கோல் தூளும் அடைத்திருக்கும். மெல்லிய தண்ணீர் பீச்சில், பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். இரண்டு எண்ணும் சரி, இழுவை மட்டும் இல்லை என்றால் டீசல் ஃபில்டர் பக்கம் திரும்புங்கள்.

இவையெல்லாம் முடிந்து, ஹோஸ் கசியாமல், ஆக்சுவேட்டரும் (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வேலை செய்து, அப்போதும் பூஸ்ட் ஏறவில்லை என்றால் டர்போவின் ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விசிறி உறையில் உரசும் அளவுக்கு ஆடினால், மெக்கானிக் சொன்னது சரி.