புலம்பெயர்ந்த தெற்காசியப் பெண் ஓவியர்களின் படங்களில் பெண்ணும் இயற்கையும் பிணைந்தே வருகின்றனவே, பழைய அலங்காரம்தானா?

பல படங்களுக்கு 'ஆமாம்' என்றே சொல்வேன். தாமரை, மயில், நீளக் கூந்தல், கொஞ்சம் தங்கப்பூச்சு. மேற்கத்திய கேலரிகளில் இதெல்லாம் இன்னும் விலைபோகிறது. ஆனால் பாகிஸ்தானிலிருந்து அமெரிக்கா போன ஓவியர் ஷாஸியா சிக்கந்தரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அவர் பயின்ற நுண்ணோவிய மரபை முதலில் பாருங்கள். இமயமலை அடிவாரக் காங்ராவின் நுண்ணோவியங்களில் அபிசாரிகை, அதாவது காதலனைச் சந்திக்கக் கிளம்பும் நாயகி, நள்ளிரவில் காட்டுவழி போவாள். காலடியில் பாம்பு, மேலே மின்னல். அத்தனையும் அவள் காதலனைத் தேடிப் போகிறாள் என்பதற்காகவே வரையப்பட்டவை. நம் முல்லைத் திணையும் அப்படித்தான்: கார் வந்தால் தலைவன் வந்தாக வேண்டும்.

சிக்கந்தர் 1969இல் லாகூரில் பிறந்தவர். அங்கே தேசியக் கலைக் கல்லூரியில் நுண்ணோவியத்தை முறையாகப் பயின்றுவிட்டு, 1990களில் அமெரிக்கா போனார். அந்தக் காலத்திலிருந்தே அவர் படங்களில் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வருகிறது: தலையில்லாத பெண், பாதம் இருக்கவேண்டிய இடத்தில் வேர்கள். அவை மண்ணில் இறங்குவதில்லை. ஒன்றையொன்று பின்னிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகின்றன. புலம்பெயர்ந்தவர்களை 'வேரற்றவர்கள்' என்று சொல்லி எல்லோரும் உருகுவார்கள். இவளுக்கு வேர் இருக்கிறது, நிலம்தான் இல்லை. அதற்காக அவள் வாடவும் இல்லை.

2003இல் அவர் செய்த 'ஸ்பின்' அசையும் ஓவியம். முகலாய தர்பார் மண்டபத்தில் அரசனும் பிரபுக்களும் இருக்கவேண்டிய இடமெங்கும் கோபியர், கண்ணனைக் காணோம். பிறகு உடல்கள் மறைய, கூந்தல் மட்டும் கழன்று கரும்பறவைக் கூட்டம்போலச் சுழல்கிறது. பெண்ணின் கூந்தலை மேகம், மயில்தோகை என்று வருணித்தே பழகிய நமக்கு, அந்தக் கூந்தலே எழுந்து பறப்பதைப் பார்த்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்.

கராச்சியில் பிறந்து நியூயார்க்கில் வரையும் ஹிபா ஷாபாஸும் நுண்ணோவியம் பயின்றவர்தான். தேநீரையே சாயமாக்கித் தன் உடலையே வரைகிறார். சுற்றிலும் செடிகொடி, நீர், விலங்குகள். முரண்டு குறைவு. சில படங்கள் அழகிலேயே நின்றுவிடுகின்றன என்பது என் குறை.

சிக்கந்தரின் அந்த வேர்ப்பெண் பின்னர், இம்முறை தலையோடு, 18 அடிச் சிலையாகவும் நின்றாள்: 'விட்னஸ்', 2023இல் நியூயார்க் பூங்கா ஒன்றில், பிறகு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் அதைச் சாத்தானின் உருவம் என்றார்கள். 2024 ஜூலையில், புயல் வீசிய நேரத்தில், யாரோ அதன் தலையைத் துண்டித்துவிட்டார்கள். பழுதுபார்க்க வேண்டாம், அப்படியே தெரியட்டும் என்று சொல்லிவிட்டார் சிக்கந்தர்.