பால் மறந்த குட்டிகளின் கழிச்சலும் தீவனத்தில் கலக்கும் மருந்தும்

கேள்வி: எங்கள் பண்ணையில் மூன்று வார வயதில் தாயிடமிருந்து பிரிக்கும் பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் வராமலிருக்கக் கொலிஸ்டின் என்னும் கிருமிக்கொல்லி மருந்துப் பொடியைத் தீவனத்தில் கலந்து வருகிறோம். இது மனிதருக்கும் கேடு என்கிறார்கள். இறைச்சியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடாதா?

பதில்: வேகவைத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியும் சாகும் என்பது சரியே. ஆனால் அது கொட்டகையை விட்டு வெளியேற இறைச்சி ஒன்றுதான் வழி என்றில்லை. சாணத்திலும், கழுவிவிடும் நீரிலும், உங்கள் கைகளிலும், கொட்டகைத் தூசியைச் சுவாசிக்கும் மூக்கிலும் அது பயணம் செய்கிறது. நெதர்லாந்தில் பன்றி வளர்க்கும் குடும்பத்துக் கைக்குழந்தை ஒன்றை அறுவைச் சிகிச்சைக்கு முன் சோதித்தபோது, மெத்திசிலின் என்னும் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அதனிடம் இருந்தது தெரியவந்தது. அந்தக் குழந்தை இறைச்சி தின்று அதைப் பெறவில்லை.

கொலிஸ்டின், வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்குக் கடைசியாகத் தரும் மருந்துகளில் ஒன்று. தீவனத்தில் குறைந்த அளவில் நாள்தோறும் அதைக் கலக்கும்போது, குடலில் உள்ள கிருமிகளில் எளிதில் சாகக்கூடியவை செத்து, தாக்குப்பிடிப்பவை மட்டும் பெருகுகின்றன. அந்த எதிர்ப்புத்திறனைத் தரும் எம்சிஆர்-1 என்னும் மரபணுவை 2015-இல் சீனாவில் கண்டறிந்தார்கள். அது பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருப்பதால் ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுத்துவிடும். குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமியில் நோய் உண்டாக்காத வகைகூட நோய்க்கிருமிக்கு அதைக் கொடுக்கலாம். 2017-இல் சீனா வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதை நிறுத்தியது. அதன்பின் பன்றிகளிடமும் மனிதரிடமும் இந்த எதிர்ப்பு குறைந்தது. எனவே நீங்கள் நிறுத்துவதற்குப் பலன் உண்டு. இந்தியா 2019-இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கென இதைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்திருக்கிறது.

நிறுத்தினால் குட்டிகள் செத்துவிடுமே என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. உங்கள் சிக்கலின் வேர் மூன்று வாரத்தில் பிரிப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த வயதில் தாய்ப்பாலின் காப்பு திடீரென நின்றுபோகிறது. குடலோ திடத் தீவனத்தைச் செரிக்கப் பழகியிருக்காது. செரிக்காத புரதம் ஈ.கோலைக்கு உணவாகிவிடும். ஆகவே 28 நாள் வரையாவது தாயிடம் விடுங்கள். அதற்கு முன்பே சிறிது சிறிதாகத் தீவனம் காட்டிப் பழக்குங்கள். பிரித்தபின் சில வாரங்களுக்குத் தீவனத்தின் புரத அளவைக் குறைத்து, லைசின் போன்ற அமினோ அமிலங்களால் ஈடுகட்டுங்கள். முதல் வாரத்தில் படுக்கும் இடம் காய்ந்தும் கதகதப்பாகவும் இருக்க வேண்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து படுத்தால் குளிர்கிறது என்று பொருள். ஒரு தொகுதி முழுவதும் வெளியேறிய பின் அறையைக் கழுவி, நன்றாக உலரவிட்டு அடுத்ததை விடுங்கள். பாதி காலியான அறையில் புதுக்குட்டிகளைச் சேர்க்காதீர்கள்.

அப்படியும் கழிச்சல் வந்தால், மருந்து தருவதற்கு முன்பே சாண மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்த்து, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவிலும் நாள்களிலும் நோயுற்ற குட்டிகளுக்கு மட்டும் கொடுங்கள். நீரிழப்பால் சாகும் குட்டிகளே அதிகம் என்பதால் உப்புக் கரைசலைத் தாமதிக்காதீர்கள். மருந்து தந்த விலங்கை, அதன் உடலிலிருந்து மருந்து நீங்கக் காத்திருக்க வேண்டிய விலக்குக் காலம் முடியுமுன் இறைச்சிக்கு அனுப்பவே கூடாது.

கொட்டகைக்கென்று தனி உடையும் காலணியும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது மருத்துவமனையில் சேர நேர்ந்தால், பன்றி வளர்க்கிறோம் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எந்தச் சோதனை செய்வது, எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவெடுக்க அது அவருக்கு உதவும்.