தண்ணீர் சுத்தமாக இருந்தும் தொட்டியில் பவளம் ஏன் வளரவில்லை?

தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தும் அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் ஆறு மாதமாக அப்படியே நிற்கிறது என்கிறீர்கள். முதலில் காரத்தன்மையை, அதாவது தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் அளவை, அளந்து பாருங்கள். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கான சரக்கு தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். சிறு தொட்டியில் அந்த இருப்பு சில நாட்களிலேயே இறங்கிவிடும். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் இருந்தால் போதும். குறைந்திருந்தால் மெல்ல மெல்ல ஏற்றுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் கிளை நுனிகள் கருகியதுபோல் வெளுத்துவிடும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் என்று பெருமைப்படவும் வேண்டாம். பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது; அந்தப் பாசிக்கும் கொஞ்சம் உரம் வேண்டாமா? வடிகட்டி வடிகட்டியே நான் ஒரு கிளையைப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறேன்.