ஊரக வளர்ச்சித் துறை அமைச்சரின் வேலை என்ன? எங்கள் ஊர்ச் சாலைக்காக அவரிடமே மனு கொடுக்கலாமா?

உங்கள் ஊர்ச் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்துவிட்டது, யாரோ ஒருவர் "நேரா மினிஸ்டரையே பாத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டிஎன்பிஎஸ்சி படிப்பவராக இருந்தால் மன்னிக்கவும், இந்தப் பதிலால் ஒரு மார்க்கும் வராது.

2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை நான் ஓர் ஊராட்சிக்குத் தலைவராக இருந்தேன். கட்சிச் சார்பில்லாத தேர்தல், பூட்டு சாவிச் சின்னம். எங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர் சாலைதான் ஐந்து வருடமும் எனக்குத் தலைவலி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவார்கள்.

ஒருமுறை துறை அமைச்சர் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு விழாவுக்கு வந்தார். (எந்த அமைச்சர், எந்த ஆட்சி என்று கமெண்டில் தோண்ட வேண்டாம். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.) வெயிலில் மூன்று மணி நேரம் நின்று மனுவைக் கையில் கொடுத்தேன். மரியாதையாகத்தான் வாங்கினார். நின்றபடியே படித்தார். "பஸ் போகுதாம்மா?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். ஓரத்தில் ஏதோ எழுதி உதவியாளரிடம் கொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சாலை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இரண்டரை மாதம் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். செயலர் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே என்னுடைய மனுவின் ஜெராக்ஸ். அதன்மேல் நான்கு கடிதங்கள் குண்டூசியில் கோத்திருந்தன. சென்னையில் துறையின் இயக்குநரகம் இருக்கும் பனகல் மாளிகை, அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ், பிறகு மாவட்டத்தில் இன்னொரு ஆபீஸ், கடைசியில் எங்கள் ஒன்றியம், அதாவது அதே பி.டி.ஓ. ஆபீஸ். ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட முத்திரை, பச்சை மையில் ஒரு கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கடிதம் "தலைவர், கிராம ஊராட்சி" என்று எனக்கு வந்தது. தகுந்த நடவடிக்கை எடுத்து மனுதாரருக்குப் பதில் அளிக்க வேண்டுமாம்.

மனுதாரரும் நான், நடவடிக்கை எடுக்க வேண்டியவளும் நான். செயலர் சிரிக்காமல் கேட்டார்: "மனுதாரருக்குத் தபால்ல பதில் போடவா தலைவரே, இல்ல நேர்ல சொன்னா போதுமா?"

இதில் இன்னொரு கூத்து, அந்தச் சாலை எங்களுடையதே இல்லை. ஊருக்குள் இருக்கும் தெருக்கள்தான் கிராம ஊராட்சியின் கையில். ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியத்துடையது. பஸ் ஓடும் பெரிய சாலை என்றால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை, அதற்கு அமைச்சரே வேறு. நான் மனு கொடுத்த அமைச்சர் பஸ் போகுதா என்று கேட்டது இதற்காகத்தானோ என்று பிறகு தோன்றியது.

அப்படியானால் அமைச்சருக்கு என்னதான் வேலை? நான் தலைவராக இருந்தபோது தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள். எந்தத் திட்டம், எவ்வளவு பணம், யாருக்கு முன்னுரிமை என்பதெல்லாம் அவர் மட்டத்தில் முடிவாகிறது. சட்டமன்றத்தில் துறைக்குப் பணம் கேட்டு மானியக் கோரிக்கை வைத்துப் பதில் சொல்கிறார். அங்கே அறிவிப்பது அரசாணையாக வரும்போது கீழே துறைச் செயலாளரின் பெயர் இருக்கும். உதாரணத்துக்கு, 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லம் என்ற வீட்டுத் திட்டம். அந்த வருடம் ஒரு லட்சம் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்பது மேலே எடுத்த முடிவு. எங்கள் ஊரில் எந்தக் குடிசைக்கு என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அது பட்டியலிலும் கிராம சபையிலும் முடிய வேண்டியது. சில பணத்தில் அவராலும் கை வைக்க முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. அதில் தார் போட முடியாது.

அமைச்சர் சொன்னால் உடனே வேலை நடந்த ஊரும் உண்டு என்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. அந்த ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்பதையும் விசாரித்துப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடமும் அதிகாரிகள் வீட்டு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்து "தலைவர் இருக்காராம்மா?" என்று என் வீட்டுக்காரரைத் தேடித்தான் கேட்டார்கள். அவர் செங்கல் சூளைக்குப் போகிறவர், ஊராட்சி ஆபீஸ் படி ஏறியதில்லை. மதிப்பூதியம் முதலில் மாதம் ஆயிரம், அப்புறம் இரண்டாயிரம். ஒன்றியத்துக்குப் போய்வந்த பெட்ரோலுக்கே காணாது. எங்கள் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும், தேர்தல் வைக்காமல், தனி அலுவலர் என்று ஓர் அரசு அதிகாரியிடம் கொடுத்துவிட்டார்கள். 2016-க்குப் பிறகும் இப்படித்தான், மூன்று வருடத்துக்கு மேல் ஊருக்குத் தலைவரே கிடையாது.

சரி, சாலைக்கு வருகிறேன். அந்தக் கவரை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். ஓவர்சியர் சாலைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். எங்கள் சாலை அண்மையில் தார் போட்டதாக அதில் இருந்தது! அதே பெயரில் காலனிக்குப் போகும் இன்னொரு சாலை இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு இதன் எண்ணில் ஏற்றியிருக்கிறார்கள். புதிதாகப் போட்ட சாலை எப்படி மறுபடி பட்டியலில் வரும்? மறுநாள் அவரும் நானும் டேப் பிடித்து இரண்டு சாலைகளையும் அளந்தோம். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். பதிவேட்டைத் திருத்த மட்டும் ஏழு மாதம்.

அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் ஒன்றிய அலுவலகத்தில் உங்கள் சாலையின் எண்ணைக் கேளுங்கள், அது யாருடைய சாலை, கடைசியாக எப்போது போட்டதாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அமைச்சருக்கும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் சாலைக்கு நான் பதவியிலிருந்து இறங்கி நான்கு மாதம் கழித்துத் தார் போட்டார்கள். மனுதாரருக்கு இன்னும் பதில் போடவில்லை.