தங்கப் பாப்கார்னுக்கு யார் ஓட்டுப் போட்டது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ரொம்ப வருஷம் வீடியோ கடை நடத்தியவன் நான். அதனால் எம்டிவி என்ற அமெரிக்க டிவி சேனலின் திரைப்பட விருது பற்றி டர்பன் பிள்ளைகள் கேட்டதெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது.

ஆஸ்கர் இருக்கும்போது இது எதற்கு அங்கிள்? (டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து)

ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுவது சினிமாக்காரர்கள். 1992இல் தொடங்கிய இந்த விழாவில் ஓட்டு ரசிகர்களுடையது. அதனால் பிரிவுகளும் வேறு மாதிரி: சிறந்த முத்தம், சிறந்த சண்டை, சிறந்த வில்லன். ஒளிப்பதிவைப் பார்த்து யாராவது விசில் அடிப்பார்களா? விசில் விழும் இடம் எதுவோ அதற்குத்தான் இங்கே பரிசு. கோப்பையும் தங்க நிறப் பாப்கார்ன். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: போட்டியில் யார் யார் என்ற பட்டியலைப் போட்டது சேனல்காரர்கள். அதற்குள்தான் ரசிகர் ராஜ்ஜியம்.

வாழ்நாள் சாதனை விருதை ஒரு பேய்க்குக் கொடுத்தார்களாமே?

பேய் என்றும் சொல்லலாம். முதல் வருஷமே ஹாக்கி முகமூடி போட்ட கொலைகாரன் ஜேசனுக்கு, அதாவது ஒரு கதாபாத்திரத்துக்கு, கொடுத்தார்கள். 1996இல் காட்சில்லாவுக்கு. நடுவே 1995இல் ஜாக்கி சானுக்கு. அவருடைய கேசட்டுகள் என் கடையில் அலமாரி ஏறியதே இல்லை. ஒருவர் திருப்பித் தரும்போதே அடுத்தவர் கை நீட்டியிருப்பார். அதனால் இந்த ஒரு விருதைக் கேலி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ட்வைலைட் படங்களே தொடர்ந்து ஜெயித்தனவே, கள்ள ஓட்டா? (டோங்காட்)

2009 முதல் 2012 வரை நாலு வருஷமும் சிறந்த படம் அந்த வரிசைக்குத்தான். முத்த விருதும் நாலு தடவையும் அந்தப் படங்களின் நாயகன் நாயகி ஜோடிக்கே. இதற்குக் கள்ள ஓட்டு வேண்டியதில்லை தம்பி. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் கூட்டத்தைப் பார்த்த நமக்கா இது புரியாது? ஓட்டை ரசிகர் கையில் கொடுத்தால் நல்ல படம் ஜெயிக்காது, வெறி பிடித்த ரசிகர் உள்ள படம்தான் ஜெயிக்கும். இந்த விருதின் அழகும் அதுதான், அசிங்கமும் அதுதான்.

நம் ஊரில் எத்தனை மணிக்கு வரும்?

கலிபோர்னியாவில் ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் நமக்குத் திங்கள் அதிகாலை இரண்டு. என் மகள் போர்வைக்குள் டிவி சத்தத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, காலையில் யூனிஃபார்மோடு சோபாவிலேயே தூங்குவாள். நேரலையே 2007இல்தான் வந்தது. அதற்கு முன் பதிவு செய்து வெட்டி ஒட்டித்தான் காட்டினார்கள்.

தென்னாப்பிரிக்காவுக்கு இதில் பங்கு உண்டா அண்ணா? (ஐசிப்பிங்கோ)

உண்டு. 2018இல் சிறந்த படம் ‘பிளாக் பேந்தர்’. அதில் வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டு மக்கள் பேசுவது நம் கோசா மொழி. முந்தைய படம் ஒன்றின் படப்பிடிப்பிலேயே அந்த மொழியைப் பேசலாம் என்று சொன்னவர் வகாண்டாவின் வயதான ராஜாவாக நடித்த நம்ம ஊர் நடிகர் ஜான் கானி. அதே ராஜாவின் இளவயதுக்கு அவர் மகனே நடித்தார். படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் சிறந்த ஹீரோ விருதை வாங்கினார், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. டென்னசியில் ஓர் உணவகத்தில் சுட்டுக்கொண்டிருந்தவனிடமிருந்து வெறுங்கையால் துப்பாக்கியைப் பிடுங்கிய இளைஞரை மேடைக்கு அழைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

நடிகர், நடிகை என்று தனித்தனியாக இல்லையா?

2017இல் ஒன்றாக்கினார்கள். அப்போது வாங்கியவர் நடிகை எமா வாட்சன். அந்த வருஷம்தான் டிவி தொடர்களையும் சேர்த்தார்கள்.

இந்த வருஷம் எப்போது?

காத்திருக்க வேண்டாம். 2023இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் நேரலை ரத்தாகி, பதிவு செய்ததையே ஒளிபரப்பினார்கள். 2024இலும் 2025இலும் விழாவே இல்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளி விழாவில் இதுபோல் வைக்கலாமா அங்கிள்? முத்தப் பிரிவு வைத்தால் ஆயா விளக்குமாற்றோடு வருவார்!

தாராளமாக வையுங்கள். முத்தத்துக்குப் பதில் ‘சிறந்த அழுகை’ போடுங்கள். போட்டி பலமாக இருக்கும், ஆயாவும் ஓட்டுப் போடுவார். கோப்பைக்கு நான் ஒரு தடவை பொரித்த பாப்கார்னில் தண்ணீர் கலந்த பெயின்டைத் தடவி, அது சுருங்கிக் கூழானதைப் பார்த்தவன். முதலில் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள், பிறகு தங்க ஸ்ப்ரே. உப்பும் வெண்ணெயும் போட்டுத் தொலைக்காதீர்கள், எறும்பு வரும்.